கறவை இயந்திரத்தை விற்க வேண்டாம், லைனரை மாற்றுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸில் ஒரு தொழிற்சாலையில் ஏர் கம்ப்ரசர் பராமரிப்பு டெக்னீஷியனாக இருக்கிறேன். சொந்த ஊர் ஒரத்தநாடு பக்கம். வீட்டில் எட்டுக் கறவை மாடுகள், எல்லாமே ஜெர்சி கலப்பு. கறக்க ஆள் கிடைக்காமல் மனைவி தவித்ததால் இரண்டு வருடத்துக்கு முன் ஒற்றை வாளிக் கறவை இயந்திரம் வாங்கிக் கொடுத்தேன். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இப்போது நாலு மாதமாக ஒன்று மாற்றி ஒன்றுக்கு மடிநோய் வருகிறது. இயந்திரத்தை மாட்டினாலே உதைக்கின்றன. பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருள்) குறைவு என்று விலையைக் குறைத்தார்கள். போன மாதம் இரண்டு தடவை பாலையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பால் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது என்கிறார்கள். காலையில் பாலை ஊற்றிவிட்டு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பத்து மணிக்குமேல் பாத்திர சோப்புப் போட்டு இயந்திரத்தைக் கழுவுவதாக மனைவி சொல்கிறாள். வாங்கியதிலிருந்து பாகம் எதுவும் மாற்றவில்லை. கறக்க நேரமாகிறது என்று மச்சான் வேக்கத்தை (பாலை இழுக்கும் உறிஞ்சு விசையை) கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறான். இயந்திரம் வந்த பிறகுதான் மாடுகள் கெட்டுப்போயின, விற்றுவிடு என்கிறார் அம்மா. பம்ப் சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே தரமான சிலிக்கான் ஹோஸ், கம்ப்ரசர் ஆயில் எல்லாம் கிடைக்கும். பொங்கலுக்குப் போகும்போது வாங்கிக்கொண்டு போகலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன். கறுப்பி மட்டும் இரண்டு நாளாகத் தீவனம் எடுக்கவில்லை, இடது பின்மடி கல் மாதிரி இருக்கிறது. அம்மா கற்றாழை அரைத்துப் பூசுகிறார்.

— துவாஸிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். கறுப்பி பொங்கல் வரை காத்திருக்க முடியாது. தீவனம் எடுக்காத மாடு, கல்லாய் இறுகிய மடி, இரண்டு நாள் என்றால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. இதைப் படித்ததும் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டை ஓட்டிப் போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் நடமாடும் மருத்துவ வண்டிக்குச் சொல்லலாம். ஊசி போடுமுன் அந்தக் காம்பின் பாலைச் சுத்தமான குப்பியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப முடியுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்பது அதில் தெரிந்துவிடும். ஆன்டிபயாடிக் போட்டால், சீட்டில் சொன்ன நாள் முடியும்வரை நாலு காம்பின் பாலும் சொசைட்டிக்குப் போகக் கூடாது. ஒரு காம்புக்குத்தானே மருந்து என்று மற்ற மூன்றையும் ஊற்றுவது தவறு.

அம்மா பூசுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்ற கலவையைக் கால்நடைத் துறையினரே மடிநோய்க்குப் பரிந்துரைக்கிறார்கள். ஒவ்வொரு கறவைக்கு முன்பும் அதை நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மாடு தீவனத்தை விட்டுவிட்ட பிறகு பூச்சு மட்டும் போதாது.

இனி இயந்திரம். விற்க வேண்டாம். உங்கள் அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: மாடுகளுக்கு நோவு இயந்திரத்தின் வழியாகத்தான் வந்திருக்கிறது. மீதிப் பாதி, இரண்டு வருடம் தொடர்ந்து ஓடிய இயந்திரத்துக்கு யாரும் பாகம் மாற்றவில்லை என்பது. கம்ப்ரசரின் ஃபில்டரையும் ஆயிலையும் ஓடிய மணிக்கணக்குப் பார்த்து மாற்றுகிறவர் நீங்கள். அதே கணக்கை உங்கள் தொழுவத்து இயந்திரத்துக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்று என் கண்ணில் பட்டன. ஒன்று, வேக்கத்தைக் காட்டும் கேஜின் முள் 400 மில்லிமீட்டரில் (பாதரச அளவு) நிற்கிறது. இரண்டு, காம்பைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் உறையான லைனரின் வாய் விரிந்து, உள்விளிம்பில் கீறல் ஓடியிருக்கிறது. மூன்று, செவலையின் காம்பு நுனியில் வெள்ளை வளையமாகத் தோல் தடித்துச் சொரசொரவென்று இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே கதையின் மூன்று இடங்கள்.

நடந்தது இப்படித்தான் இருக்கும். லைனர் பழசாகிவிட்டது. ரப்பர் பாலின் கொழுப்பை உறிஞ்சும். உறிஞ்சி உறிஞ்சி ஊதும், இழுவிசை போய்விடும். இழுவிசை போன லைனர் காம்பைச் சரியாகப் பிடித்துவிடாது, பால் மெதுவாக இறங்கும். ஆறேழு நிமிடத்தில் முடிந்த மாடு பத்து நிமிடம் எடுக்கும். எட்டு மாட்டுக்கு ஒரே இயந்திரம். சொசைட்டி நேரம் தவறினால் பால் வீண். உங்கள் மச்சான் நல்ல எண்ணத்தில்தான் வேக்கத்தைக் கூட்டியிருப்பார். கூட்டியதும் கொஞ்ச நாள் வேகமாகவும் கறந்திருக்கும். ஆனால் அந்த உறிஞ்சல் முழுவதும் காம்பின் நுனியில் விழுகிறது. நுனியில் இரத்தம் கட்டும், தோல் தடிக்கும், பால் துளையை மூடுகிற தசை தளரும். மூடாத துளை வழியாகக் கிருமி உள்ளே போகும். வலி இருக்கிற மாடு உதைக்கும், பாலை அடக்கும். அடக்கினால் இன்னும் நேரமாகும். மறுபடி யாராவது வேக்கத்தைக் கூட்டுவார்கள்.

ஆகவே வேக்கத்தை இன்றைக்கே குறைக்கச் சொல்லுங்கள். 400 மில்லிமீட்டர் என்றால் சுமார் 53 கிலோபாஸ்கல். வாளி இயந்திரத்துக்குப் பொதுவாக 320 முதல் 340 மில்லிமீட்டர், அதாவது 43 முதல் 45 கிலோபாஸ்கல் போதும். இயந்திரத்தின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே முடிவு. பால் நன்றாக இறங்கிக்கொண்டிருக்கும்போது காம்பு நுனியில் 35 முதல் 42 கிலோபாஸ்கலுக்குள் இருப்பதுதான் மாட்டுக்கு நல்லது. இதற்கு மேல் கூட்டினால் மிச்சமாகும் நேரம் சொற்பம், காம்புக்கு வரும் கேடு பெரிது. புது லைனர் வரும்வரை கறக்க இன்னும் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது லைனர் கணக்கு. சாதாரண ரப்பர் லைனருக்கு 2,500 கறவை அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் ஆயுள். உங்கள் வீட்டில் எட்டு மாடு, இரண்டு வேளை, ஒரே செட். ஒரு நாளைக்கு 16 கறவை. 2,500-ஐ 16-ஆல் வகுத்தால் 156 நாள். ஐந்து மாதத்துக்கு ஒரு முறை மாற்றியிருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அந்த நாலு லைனர்களும் 11,000 கறவைக்கு மேல் பார்த்துவிட்டன. முதல் வருடம் குறை இல்லாமல் போனதே அதிர்ஷ்டம். வற்றிய மாடு ஒன்றிரண்டு இருந்தால் கணக்கு கொஞ்சம் நீளும். ஆனால் ஆறு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் மூப்படையும்.

மாற்றும்போது நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். கிழிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரே மடியில் ஒரு காம்பு ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் கறக்கும். லைனரும் அது உட்காரும் ஸ்டீல் கூடும் ஒரே அளவுக்குச் செய்தவையாக இருக்க வேண்டும். கடையில் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று கொடுப்பதை வாங்க வேண்டாம். கூட்டில் இழுத்துப் பொருத்தும்போது முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். முறுக்கிய லைனர் ஒரு பக்கமாக மூடும். புதிது போட்டும் மாடு உதைக்கிறதே என்று பலர் புலம்புவதற்கு இதுவே காரணம். மாற்றிய தேதியைச் சுவரில் எழுதி, அடுத்த தேதியையும் பக்கத்திலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.

சிலிக்கான் ஹோஸ் பற்றிக் கேட்டீர்கள். ஹோஸை வெட்டி லைனராக்க முடியாது. லைனரின் சுவர்த் தடிமன், வாய் விட்டம், இழுவிசை எல்லாம் காம்பைக் கணக்கில் வைத்துச் செய்தவை. சிலிக்கானிலேயே செய்த லைனர்கள் விற்பனைக்கு உண்டு, அவை ரப்பரைவிட நெடுநாள் உழைக்கும். உங்கள் இயந்திரக் கம்பெனியே அந்த அளவில் தருகிறதென்றால் வாங்கலாம். பால் ஓடுகிற நீள ஹோஸை மாற்றுவதானால் உணவுத் தரச் சான்று உள்ளதை மட்டுமே எடுங்கள். தொழிற்சாலைக்கென்று வரும் காற்று ஹோஸில் பாலை ஓட்டக் கூடாது. அதில் கலந்திருக்கும் வேதிப்பொருள் பாலின் கொழுப்பில் இறங்கும். கம்ப்ரசர் ஆயிலும் வேண்டாம். வேக்கம் பம்புக்கென்று கையேடு சொல்லும் ஆயிலையே ஊற்றுங்கள், அது தஞ்சாவூரிலேயே கிடைக்கும். இங்கிருந்து கொண்டுபோக நான் சொல்வது இரண்டே சாமான். உங்களிடம் இருக்கக்கூடிய, அளவு சரிபார்த்த ஒரு வேக்கம் கேஜ். தண்ணீர் வெப்பம் பார்க்க ஒரு சமையலறைத் தெர்மாமீட்டர், முஸ்தஃபா கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

கேஜ் எதற்கென்றால், இயந்திரத்தில் இருக்கும் கேஜ் உண்மை சொல்கிறதா என்று பார்க்க. இரண்டு வருடம் ஈரத்திலும் அதிர்விலும் கிடந்த கேஜ் தவறாகக் காட்டுவது சாதாரணம். பம்ப் நிற்கும்போது முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்பதே முதல் சோதனை. பிறகு காம்பில் மாட்டுகிற நாலு கப்பையும் அடைத்து இயந்திரத்தை ஓட்டி, இரண்டு கேஜும் ஒன்று சொல்கிறதா பாருங்கள். அடுத்து ஒரு கப்பின் அடைப்பை ஐந்து விநாடி எடுத்துவிட்டு மூடுங்கள். முள் இறங்கி, மூடியதும் மூன்று விநாடிக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். தயங்கித் தயங்கி ஏறினால் பம்பின் திறன் குறைந்திருக்கிறது, இல்லை எங்கோ கசிகிறது. அழுத்தக் காற்று கசிந்தால் "உஸ்" என்று வெளியே கேட்கும், நீங்கள் பழகியது அது. இங்கே காற்று உள்ளே போகிறது. பம்ப் சத்தத்தில் காதுக்குப் பிடிபடாது. வாளி மூடியின் ரப்பர் வளையம், குட்டி ஹோஸ்கள் கிளாவில் (நாலு கப்பின் பாலும் வந்து சேரும் கிண்ணம்) சேருகிற இடம், பல்சேட்டருக்குப் போகும் குழாயின் மடிப்பு, இவற்றை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துக் கீறலைத் தேடுங்கள்.

வேக்கத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரைக் கழற்றி அதன் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். தவிட்டுத் தூசியும் வைக்கோல் தூசியும் அடைத்தால் அது வெளிக்காற்றை விடாது, வேக்கம் தானாகவே ஏறும். மச்சான் கூட்டியது பாதி, இது கூட்டியது பாதியாகக்கூட இருக்கலாம். பெல்ட், ஆயில் மட்டம் எல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பம்ப் சத்தம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். ஆனால் மாட்டைத் தொடுவது பம்ப் இல்லை.

மாட்டைத் தொடுகிற லைனரை இயக்குவது பல்சேட்டர். கன்று ஊட்டும்போது கவனித்திருப்பீர்கள், ஒரு மடக்கு இழுக்கும், விழுங்கும்போது விடும். அந்த விடுகிற நேரத்தில்தான் காம்பில் இரத்தம் ஓடுகிறது. பல்சேட்டரும் அதைத்தான் செய்கிறது: நிமிடத்துக்கு 60 துடிப்பு. விகிதம் 60-க்கு 40 என்றால் ஒவ்வொரு விநாடியிலும் 0.6 விநாடி லைனர் திறந்திருந்து பால் இறங்கும், 0.4 விநாடி மூடிக் காம்பைப் பிடித்துவிடும். மூடுகிற நேரம் குறைந்தாலோ அரைகுறையாக மூடினாலோ காம்பு நீலம் பாரித்து, அடியில் வளையம் பதிந்து வெளியே வரும். இதை அறிய மீட்டர் வேண்டாம். இயந்திரத்தை ஓட்டி, மூன்று கப்பை மடக்கிப் பிடித்து, நாலாவதில் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள். லைனர் விரலை இறுக்கி விடுவது தெளிவாகத் தெரிய வேண்டும். கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாலு கப்பிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை உங்கள் மனைவியே இதைச் செய்யலாம்.

கிளாவில் ஊசித் துளை மாதிரி ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அது வழியாகக் கொஞ்சம் காற்று நுழைந்தால்தான் பால் ஹோஸ் வழியே வாளிக்கு ஓடும். அடைத்துக்கொண்டால் பால் கிளாவிலேயே தேங்கித் திரும்பக் காம்பில் மோதும். ஒரு காம்பின் கிருமி இன்னொரு காம்புக்குப் போக இதைவிட நல்ல வழி கிடையாது. தினமும் கழுவும்போது அந்தத் துளையைப் பாருங்கள். அதற்கென்று வந்த கம்பியால் மட்டும் குத்துங்கள். ஆணி விட்டுப் பெரிதாக்கினால் காற்று அதிகம் நுழைந்து பால் நுரைத்து அடிபடும். அடிபட்ட பாலில் கொழுப்புத் துளிகளின் மேல்தோல் கிழிந்து கொழுப்பு கெடும், சோப்பு மாதிரியோ புளித்த நெய் மாதிரியோ வாடை வரும். சொசைட்டியில் சொன்ன வாடைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஹோஸ் கசிவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் பாலைத் திருப்பி அனுப்பியதற்குப் பெரிய காரணம் கழுவுகிற முறை என்று நினைக்கிறேன். காலையில் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பத்து மணிக்குமேல் பாத்திர சோப்புப் போட்டுக் கழுவுவதாக உங்கள் மனைவி சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விடிகாலை எழுந்து எட்டு மாட்டையும் ஒருவராகக் கறக்கிறவர். ஆனால் அந்த நாலு மணி நேரத்தில் ஹோஸின் உட்சுவரில் பால் காய்ந்து ஏடு பிடித்துவிடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் அதில் கிருமி பெருக அது தாராளம். மாலைப் பால் அதன் மேல் ஓடும்போது எல்லாக் கிருமியையும் அள்ளிக்கொண்டு கேனுக்குப் போகிறது. சொசைட்டியில் மெத்திலீன் புளூ விட்டால் நீலம் சீக்கிரம் வெளுக்கிறது என்றால் பாலில் கிருமி மிகுந்திருக்கிறது என்று பொருள். கொதிக்கவைத்தால் திரிகிறதென்றால் புளிப்பு ஏறிவிட்டது.

பாலைக் கொண்டுபோகுமுன் ஐந்து நிமிடம் மட்டும் செலவழித்தால் போதும். கடைசி மாடு முடிந்த உடனே, கைக்கு இதமான வெதுவெதுப்பில், 35 முதல் 40 டிகிரியில், ஒரு வாளித் தண்ணீரைக் கப்புகள் வழியே உறிஞ்சவிட்டு, வெளியே வருவது தெளியும்வரை அலச வேண்டும். இந்த முதல் அலசலுக்குக் கொதிநீர் கூடாது, பாலின் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரும் கூடாது, கொழுப்பு உறைந்து ஒட்டும். வெதுவெதுப்புத்தான் சரி. இந்த ஒன்றை மட்டும் உடனே செய்துவிட்டால், முழுக் கழுவலைப் பிள்ளைகளை அனுப்பிய பிறகு செய்யலாம்.

முழுக் கழுவலுக்குப் பால் பாத்திரங்களுக்கென்றே விற்கும் காரத்தூள் (ஆல்கலி டிடர்ஜென்ட்) வேண்டும். பாத்திர சோப்பு நுரைக்கும். நுரை வேக்கம் குழாய் வழியே பம்புக்கே போய்விடும், அங்கே ஆயிலைக் கெடுக்கும். 60, 70 டிகிரி வெந்நீரில் தூளைக் கரைத்து, இயந்திரத்தை ஓட்டி கப்புகள் வழியாக உறிஞ்ச விடுங்கள். இடையிடையே கப்புகளைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிக் காற்று விட்டால் நீர் உள்ளே மோதிப் புரண்டு ஓடும், சுவர் நன்றாகத் தேயும். எட்டுப் பத்து நிமிடம் இப்படி. தண்ணீர் 45 டிகிரிக்குக் கீழே ஆறுமுன் வடித்துவிடுங்கள், ஆறிய நீரில் கழன்ற அழுக்கு மறுபடி ஒட்டும். தெர்மாமீட்டர் கேட்டது இதற்குத்தான். பிறகு பிரஷ் விட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, கப்புகளின் வாய் கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும். வாளியையும் கவிழ்த்து வைக்க வேண்டும். ஈரம் தேங்கினால் கழுவியது வீண்.

படத்தில் கிளா மூடியின் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது போர்த் தண்ணீரின் உப்பும் பாலின் புரதமும் சேர்ந்த படிவு. காரத்தூளுக்கு அது அசையாது. வாரம் ஒரு முறை, உங்கள் தண்ணீருக்கு இரண்டு முறை, பால் சாதனங்களுக்கென்று வரும் அமிலக் கரைசலால் தனியாகக் கழுவுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய கொட்டகையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம். கிருமி நீக்கும் குளோரின் நீரைக் கறப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்துக்குள் ஓட்டி வடித்துவிட்டால் போதும். நன்றாக இருக்கும் என்று லைனரை இரவெல்லாம் அதில் ஊறப்போட்டால் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும்.

எஸ்.என்.எஃப். குறைவதற்குத் தீவனமும் காரணமாகலாம். ஆனால் மடிநோய் இருக்கிற தொழுவத்தில் முதலில் மடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள் இருக்கிற மடிநோயிலும் பாலின் சர்க்கரையும் கேசீன் புரதமும் குறைந்து எஸ்.என்.எஃப். இறங்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். துணி துவைக்கிற சோப்புத்தூள் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து அதே அளவு கரைசலை ஊற்றிச் சுழற்ற வேண்டும். தண்ணீராகவே இருந்தால் மடி நலம். கொழகொழவென்று சளி மாதிரி ஆனால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. எட்டு மாட்டுக்கும் நாலு காம்பும், மொத்தம் 32 கிண்ணம். ஒரு மாலை நேரம் போதும். முடிவைக் காம்பு வாரியாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து சரிசெய்த பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்தால் வித்தியாசம் கையில் இருக்கும்.

கறக்கிற முறையையும் ஒரு தரம் வீடியோவில் பாருங்கள். ஒவ்வொரு காம்பிலும் மூன்று நாலு பீச்சு கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சித் திரி இருக்கிறதா என்று பார்ப்பது, காம்பை மட்டும் கழுவி ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணியால் ஈரம் போகத் துடைப்பது, தொட்டதிலிருந்து ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்துக்குள் இயந்திரத்தை மாட்டுவது. மாடு சுரப்பு விடுகிற நேரம் ஐந்தாறு நிமிடம்தான், அதைத் தவறவிட்டால் பிறகு வெறும் மடியை இழுப்பதாகிவிடும். ஒட்டக் கறக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இயந்திரத்துக்கு இன்னும் பொருந்தும். பால் நின்ற பிறகும் கிளாவைக் கையால் அழுத்திப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை இழுப்பதுதான் அந்த வெள்ளை வளையத்தை உண்டாக்குகிறது. வால்வை மூடி, வேக்கம் போன பிறகே கழற்ற வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் காற்று பாய்ந்து கிருமியைக் காம்புக்குள் தள்ளிவிடும். கழற்றியதும் அயோடின் கரைசலில் காம்பை முக்கி, தொட்டியில் கொஞ்சம் பசும்புல் போட்டுவிடுங்கள். தின்றுகொண்டு அரைமணி நேரம் நின்றால் காம்புத் துளை மூடிக்கொள்ளும், பிறகு படுத்தாலும் பயமில்லை.

ஊருக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிம் சூ காங்கில் உள்ள ஹே டெய்ரீஸ் ஆட்டுப் பண்ணைக்குப் போக முடிந்தால் போய் வாருங்கள். காலையில் இயந்திரத்தில் ஆடு கறப்பதைப் பொதுமக்கள் பார்க்க விடுவார்கள். நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுக்குத் துடிப்பு வேகம் வேறு, அந்த அளவை மாட்டுக்கு எடுக்க வேண்டாம். ஒரு மிருகத்தை முடித்து அடுத்ததற்குப் போகுமுன் கை என்ன செய்கிறது, கறவை முடிந்ததும் சாதனங்கள் எந்த வரிசையில் எங்கே போகின்றன, தரை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்குக் கொண்டுவந்து கட்டுகிற மாடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட நாம் வரிசையில் நிற்கிறோம். எட்டு மாட்டை வீட்டில் வைத்திருப்பவர் நீங்கள், கறவையையும் ஒரு தரம் வெளியிலிருந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டு வார விடுப்பில் எல்லாவற்றையும் நீங்களே கழற்றி நீங்களே மாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் மனைவி கையால் லைனரை மாற்றட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பல்சேட்டர் துடிப்பை அவர் எண்ணட்டும். கேஜில் 330-ல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்துகிற உரிமை அவருக்கு என்று மச்சான் காதிலும் போட்டுவிடுங்கள். லைனர், வாளி வளையம், குட்டி ஹோஸ், காரத்தூள், அமிலம், அயோடின், இவற்றுக்கான பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காமல் மாதா மாதம் தனியாக அவர் பெயருக்கு அனுப்புங்கள். தீவனக் கடன் வந்தால் முதலில் நிற்பது ரப்பர் வாங்குவதுதான், டெல்டா கிராமங்களில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மாட்டின் ஒரு மடிக்கூறு வற்றிப்போனால் ஏற்படும் நட்டத்துக்கு எத்தனையோ செட் லைனர் வாங்கலாம்.

அம்மாவிடம் அவர் சொன்னது சரி என்று சொல்லுங்கள். மாட்டின் வலியை முதலில் கண்டது அவர்தான். இரண்டு மாதம் அவகாசம் கேளுங்கள். லைனரும் வேக்கமும் சரியானால் காம்பின் நீலமும் வீக்கமும் சில நாளிலேயே வித்தியாசம் காட்டும். தடித்த நுனித்தோல் மென்மையாகச் சில வாரம் ஆகும்.

அதுவரை கறக்கிற வரிசையை மாற்றச் சொல்லுங்கள். கன்று ஈன்ற இளம் மாடுகளும் சோப்புத்தூள் சோதனையில் நலமாக இருந்தவையும் முதலில். சளி கட்டிய மாடுகள் கடைசியில். கறுப்பியை இயந்திரத்துக்கே கொண்டுவர வேண்டாம். அம்மா கையால் தனிப் பாத்திரத்தில் கறக்கட்டும், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். அந்தப் பாலைத் தொழுவத் தரையில் பீச்சக் கூடாது, கன்றுக்கும் ஊட்டக் கூடாது. மருத்துவம் முடிந்தும் அந்த இடது பின்காம்பு மூன்று வாரத்தில் தெளியாவிட்டால், வற்ற விடுகிற காலத்தில் அந்தக் காம்புக்குள் செலுத்துகிற நீண்டகால மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கறுப்பி இப்போது எத்தனை மாதச் சினை என்று எழுதவில்லை. அதை அறிந்துகொண்டு, இந்த வாரமே டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.